கல்லறை இல்லாதவர்

ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று மாலை, எங்கள் அத்தையாரை உப்பளம் கல்லறைத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்வது எங்கள் பொறுப்பு. தொண்ணூறு வயதைக் கடந்த பின்பும் அவர் அந்த ஒரு நாளை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. முதலில் எங்கள் பெற்றோர், அடுத்துத் தாத்தாவும் பாட்டியும், இறுதியாகக் கொள்ளுப்பாட்டியார் என்று வரிசையாக நின்று செபித்துவிட்டு, அந்தக் கடைசிக் கல்லறையில் மட்டும் இரண்டு மெழுகுதிரிகளை ஏற்றச் சொல்வார். "ஒண்ணு ஆயாவுக்கு, ஒண்ணு பொர்போனுக்குப் போன தாத்தாவுக்கு. அவருக்குக் கல்லறை இல்லையே" என்பார்.

சிறு வயது முதல் நாங்கள் கேட்டு வளர்ந்த கதை இதுவே. எங்கள் கொள்ளுப்பாட்டனார் பொர்போன் தீவுக்குக் கப்பலேறினார். அங்கே காய்ச்சல் கண்டு இறந்தார். கைக்குழந்தையோடு நின்ற மனைவி பதினெட்டு வயதில் வெள்ளைச் சேலை உடுத்தி, ஐம்பத்தைந்து ஆண்டுகள் தவறாமல் அவர் ஆன்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்து, 1942இல் கண்மூடினார். இந்தக் கதையில் எங்களுக்கு ஐயம் எழுந்ததில்லை. ஐயத்திற்கு இடமுண்டு என்று சொன்னது ஒரு காகிதமே.

இதை எழுதும் நாங்கள் அண்ணனும் தங்கையுமாக இருவர். ஒருவர் பள்ளி ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர்; சிறு வயதில் பீடச் சிறுவராய்க் கற்ற இலத்தீனைக் கூட்டிப் படிக்க இன்றும் முடியும். மற்றவருக்குப் பிரஞ்சு வரும். வீட்டைப் பழுதுபார்க்கும் வேளையில் அத்தையாரின் தகரப் பெட்டியை இறக்கி வைத்தபோது, மடித்த இடமெல்லாம் கிழிந்த ஒரு பழந்தாள் கிடைத்தது. அது 1904ஆம் ஆண்டு எங்கள் தாத்தாவின் திருமணத்திற்காகப் பிரஞ்சு நீதிபதி முன் எழுதப்பட்ட பத்திரம். நான்கு சாட்சிகள் கையொப்பமிட்டிருந்தனர். மணமகனின் தந்தை எங்கிருக்கிறார் என்பது அறியப்படாமையால் அவருடைய சம்மதத்தைப் பெற இயலவில்லை என்பது அதன் சாரம். தந்தையைக் குறித்து அதில் இருந்த சொல் 'அப்சான்' - அதாவது இங்கில்லாதவர். இறந்தவர் என்று எவ்விடத்தும் இல்லை.

அக்காலப் பிரஞ்சுக் குடிமைச் சட்டத்தின்படி, இருபத்தைந்து வயது நிரம்பாத மகன் மணம் செய்துகொள்ளப் பெற்றோரின் சம்மதம் தேவை. தந்தை இறந்திருந்தால் இறப்புச் சான்றைக் காட்டினால் போதும். தாயின் சம்மதத்தோடு காரியம் முடிந்துவிடும். இருக்குமிடம் தெரியாவிட்டால்தான் இவ்வாறு நீதிபதி முன் நால்வரை நிறுத்தவேண்டும். ஆகவே 1904இல் எங்கள் குடும்பத்திடம் அவர் இறந்ததற்கான காகிதம் ஏதும் இருக்கவில்லை. தொலைவிலுள்ள தீவில் இறந்த கூலியாளுக்கு யார் காகிதம் அனுப்பப் போகிறார்கள் என்று எண்ணி அதை மடித்து வைத்துவிடலாம். நாங்களும் ஏறத்தாழ ஒரு மாதம் மடித்தே வைத்திருந்தோம்.

பிறகு பங்கு ஆலயத்திற்குச் சென்றோம். மிஷன் வீதியிலுள்ள அமல உற்பவ அன்னை பேராலயத்தைச் சம்பா கோயில் என்றால்தான் ஊராருக்குத் தெரியும்; புனித பவுலின் பெயரால் இயேசு சபையார் வைத்திருந்த பழைய ஆலயத்தின் பெயர் நாவிலே தேய்ந்து 'சம்பா' ஆயிற்று. 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கியபோது அந்தப் பழைய ஆலயமும் போயிற்று. இன்று நிற்பது 1791இல் கட்டி முடிக்கப்பட்டது. திருமுழுக்கையும் திருமணத்தையும் ஏட்டில் பதியும்படி பங்குக் குருக்களைப் பணித்தது பதினாறாம் நூற்றாண்டுத் திரிதெந்து சங்கம். அந்தக் கட்டளையின் பயனை நாங்கள் உணர்ந்தது, நானூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு மர மேசையின் முன் அமர்ந்து பழுப்பேறிய ஏட்டைப் புரட்டியபோதுதான்.

இவ்வேடுகளில் மூதாதையரைத் தேடப் புகும் வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வீட்டில் வழங்கும் பெயரை அங்கே தேடினால் கிடைக்காது. வேத போதகர்கள் இலத்தீனில் எழுதினர். நம் முன்னோரோ பேதுருவை இராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும், சூசையப்பரைச் சூசை என்றும் அழைத்தனர். ஆகவே வீட்டில் இராயப்பனாய் இருந்தவர் ஞானஸ்நானப் புத்தகத்தில் பேத்ருஸ். பிரஞ்சு அலுவலகத்தில், கேட்ட காதுக்கு ஏற்ப எழுதப்பட்ட வேறொன்று. ஒரே மனிதர், மூன்று பெயர்கள், மூன்று எழுத்துகள். எங்கள் கொள்ளுப்பாட்டனாரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் காலத்தில் தெருவுக்கு மூவருக்கு அப்பெயர் இருந்தது. எங்கள் தேடலின் பாதிக் கடினம் அதனால் வந்ததே.

அவரை அடையாளம் காண உதவியவர் அவருடைய தாயார். அவ்வம்மையாருக்கு வாய்த்திருந்தது அவ்வளவாக வழக்கில் இல்லாத புனிதை ஒருவரின் பெயர். 1855ஆம் ஆண்டின் ஏட்டில் குழந்தையின் பெயர், தந்தை, தாய், ஞானப் பெற்றோர், குருவின் கையொப்பம் எல்லாம் ஐந்து வரிகளுக்குள் இருந்தன. சாதியும் இருந்தது. வீட்டில் பெருமையாய்ச் சொல்லிவந்த சாதியும் ஏட்டில் இருந்த சாதியும் ஒன்றல்ல என்பதை மட்டும் சொல்லி அப்பால் நகர்கிறோம். இதே ஆலய வளாகத்தில் முன்னிருந்த கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரைத் தனியே பிரித்து நின்ற சுவர் 1745இல் இடிக்கப்பட்டதையும், அதனால் எழுந்த சச்சரவையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கல் சுவர் போய் நூறாண்டு கழிந்த பின்னும் குருவானவர் மை தொட்டு அதே கோட்டை வரைந்துகொண்டிருந்தார். அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நாங்கள் என்பதைத் தெரிந்துகொண்ட அன்று, இருவரும் கடற்கரை வரை பேசாமல் நடந்தோம்.

1879இல் திருமணப் பதிவு. மூன்று ஓலைகளும் வாசிக்கப்பட்டதாகக் குறிப்பு. மணமகளுக்கு வயது பதினாறு. ஓலை வாசித்த குருவானவர் இலத்தீனில் எழுதியிருந்தபடி இருவரும் இந்த ஊரே, இந்தப் பங்கே. அடுத்தது எங்கள் தாத்தாவின் பிறப்பு, 1881 பிப்ரவரி. இது ஆலய ஏட்டில் மட்டுமன்றி, இங்கே எல்லாரும் 'எத்தா சிவில்' என்று சொல்லும் குடிமைப் பதிவிலும் உள்ளது. பிரஞ்சிந்தியாவில் இந்தியர்களுக்கான குடிமைப் பதிவை ஒழுங்குபடுத்திய ஆணை 1880 ஏப்ரல் 24ஆம் நாளையது. தாத்தா அதற்கு அடுத்த ஆண்டுக் குழந்தை. அப்பதிவில்தான் கொள்ளுப்பாட்டனாரின் தொழில் முதன்முறையாகத் தெரிந்தது. அவர் சாயக்காரர். ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டிற்குப் புதுச்சேரியிலிருந்து ஏற்றுமதியான நீலத்துணிக்குச் சாயம் தோய்த்த பலருள் ஒருவராய் இருந்திருக்கவேண்டும். பிரஞ்சுக்காரர் அத்துணியைக் 'கினே' என்றனர். பதிவின் அடியில் தந்தை கையெழுத்திட வேண்டிய இடத்தில், எழுதத் தெரியாது என்று சொன்னதாக அலுவலர் எழுதியிருந்தார்.

அந்தக் குழந்தைக்கு ஒரு வயது ஆகுமுன் அவர் கப்பலேறிவிட்டார். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் விட்டுச்சென்ற கடன் ஒரு காரணம் என்பது குடும்ப வாக்கு. பொர்போன் என்பது 1848 முதல் ரெயூனியோன் என்று வழங்கும் தீவின் பழைய பெயர். நம்மூரில் மாத்திரம் பழைய பெயரே நின்றுவிட்டது. பிரஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை 1848இல் ஒழிக்கப்பட்ட பின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1860இலும் 1861இலும் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கைகளால், ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளிலிருந்தும் ஆட்களைத் திரட்டிப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக அனுப்ப முடிந்தது. ஒப்பந்தம் ஐந்தாண்டு, முடிந்தபின் திரும்பி வரும் கப்பல் செலவு முதலாளியினுடையது அல்லது அரசினுடையது. அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் சென்றனர்: 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் மார்த்தினிக் தீவை அடைந்தது, மறு ஆண்டு கிறிஸ்து பிறப்பின் முந்திய நாள் அதே கப்பல் குவாதலூப் தீவில் ஆட்களை இறக்கியது. மார்த்தினிக்கிற்கு 25,000க்கு மேலும் குவாதலூப்பிற்கு 42,000க்கு மேலும் நம்மவர் சென்றனர். ரெயூனியோனுக்குச் சென்றோர் இவ்விரண்டையும் விட மிகுதி. அங்கே நிலவிய கொடுமைகள் காரணமாக 1882இல் ஆங்கிலேய அரசு அத்தீவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திற்று. எங்கள் கொள்ளுப்பாட்டனார் சென்றது 1881 இறுதியில். ஓராண்டு பிந்தியிருந்தால் போயிருக்க மாட்டார்.

1866இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலத்தின் மேல் நின்று, குழந்தையைத் தூக்கிக் காட்டியபடி ஆயா வழியனுப்பினார் என்று அத்தையார் சொல்வார். 1952 புயல் அந்தப் பாலத்தைக் கொண்டுபோய்விட்டது. கடலில் தூண்களின் மிச்சம் மட்டும் தெரிகிறது.

1887இல் ஒப்பந்தம் முடிந்து திரும்பிய ஒருவர் மரணச் செய்தியைக் கொண்டுவந்தார். அவ்வாண்டு நவம்பரில் முதல் ஆன்மப் பூசை.

எங்கள் தாத்தா இருபத்தொரு வயதானதும், 1902இல், மேரிக்குச் சென்று 'ரெனோன்சான்' ஆனார். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்படி, பிரஞ்சிந்தியர் ஒருவர் தம் வழிவழி வந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வரலாம். ஒருமுறை துறந்தால் மீள முடியாது. குடும்பப் பெயர் ஒன்றையும் ஏற்கவேண்டும். 1873இல் காலுறையும் பாதணியும் அணிந்து நீதிமன்றம் வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, பிரான்சின் உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, 'லா போர்த்' என்ற பெயரை ஏற்றார். பிரஞ்சில் அதற்குக் கதவு என்பது பொருள். துறந்தோருள் கிறிஸ்தவர்கள் பலர், ஒடுக்கப்பட்டோர் பலர். ஏட்டிலிருந்த கோட்டைப் பார்த்த பிறகு, தாத்தா ஏன் அக்கதவின் வழியே சென்றார் என்பது எங்களுக்குப் புரிந்தது. ஆனால் அதன் விளைவு ஒன்று உண்டு. அவர் குடும்பப் பெயரை மாற்றிய நாளோடு தந்தையும் மகனும் இணைந்திருந்த கயிறு ஏடுகளில் அறுந்தது. தீவிலிருந்து யாரேனும் தேடியிருந்தாலும் எங்களைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

தேடியது நாங்கள்தாம். பிரான்சின் எக்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம், பழைய குடியேற்றங்களின் குடிமைப் பதிவேடுகளைப் படம் பிடித்து, வீட்டிலிருந்தே யாவரும் கணினியில் காணும்படி திறந்து வைத்திருக்கிறது. பிரஞ்சுப் பதிவு முறையில் ஒரு நற்செயல்: பத்தாண்டுக்கு ஒருமுறை பெயர்களை அகரவரிசைப்படுத்தி எழுதிவிடுவர். ஊர் ஊராக, மூன்று வகை எழுத்துக்கூட்டில், இரவு செபமாலைக்குப் பின் நாள்தோறும் ஒரு மணி நேரம் தேடினோம். எட்டு மாதங்கள் ஆயின. 1887க்கு முந்திய இறப்புப் பட்டியல்களில் அவர் இல்லை. மேலும் பார்ப்பதா, நிறுத்துவதா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. மூத்தவர் நிறுத்தலாம் என்றார். இளையவர் நிறுத்தவில்லை.

சேந்த்-ஆந்த்ரே என்பது அத்தீவின் கிழக்குக் கரையில் உள்ள ஊர். தமிழ் வழியினர் மிகுந்தது. அதன் 1889ஆம் ஆண்டுப் பதிவில், புதுச்சேரியில் பிறந்த தொழிலாளி ஒருவர் ஒரு பெண் குழந்தையைத் தம் மகளென ஒப்புக்கொள்கிறார். குழந்தையின் தாய் ஓர் இந்தியப் பெண், கிறிஸ்தவப் பெயரன்று. 1906ஆம் ஆண்டு மார்ச்சில் அதே மனிதரின் இறப்புப் பதிவு. வயது ஐம்பத்தொன்று. பிறந்த ஊர் புதுச்சேரி. தந்தையின் பெயர் ஒத்தது. தாயின் பெயரும், அந்த அரிய பெயர், எழுத்து சிறிது சிதைந்திருந்தாலும் ஒத்தது. நாங்கள் இருவரும் அத்திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெற்றோர் பெயருக்கு அடுத்து, அவர் மணநிலையைக் குறிக்கும் சொல் ஒன்று இருந்தது. 'வெஃப்'. மனைவியை இழந்தவர்.

எங்கள் கொள்ளுப்பாட்டியாரின் 1942ஆம் ஆண்டு இறப்புப் பதிவு எங்களிடம் உண்டு. அதில் 'வெவ்' என்று இருக்கிறது. கணவனை இழந்தவர். 1906 வரை இருவரும் உயிரோடிருந்தனர். இக்கரையில் அவர் இறந்தவர். அக்கரையில் இவர் இறந்தவர்.

1887இல் செய்தி கொண்டுவந்தவர் பொய் சொன்னாரா, அவரைச் சொல்லச் சொன்னவர் உண்டா? அல்லது கைவிடப்பட்டவள் என்ற பெயரைவிட விதவை என்ற பெயர் மேலென்று எங்கள் கொள்ளுப்பாட்டியாரே முடிவு செய்தாரா? நாங்கள் இதைப் பலமுறை புரட்டிப் பார்த்துவிட்டோம். அவர்மேல் கோபம் வந்தது உண்மை. ஐந்தாண்டு முடிந்ததும் திரும்பிவர அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் எழுதத் தெரியாத ஒரு சாயக்காரர், கடலுக்கு அப்பால், எத்தனைக் கையொப்பங்களுக்குப் பின் அந்த உரிமையைப் பெற்றிருக்க முடியும் என்பதையும் நினைக்கவேண்டியிருக்கிறது. நினைத்தாலும் கோபம் முழுதும் போகவில்லை.

இதை அத்தையாரிடம் சொல்வதா என்பதே பெரிய கேள்வியாயிற்று. 1887 முதல் 1905 வரை பத்தொன்பது கல்லறைத் திருநாள்களில், உயிரோடிருந்த மனிதருக்காக ஆன்மப் பூசை நடந்திருக்கிறது. அரிசி விற்ற காசில், சில ஆண்டுகளில் காதணியை அடகு வைத்த காசில். தொண்ணூறு வயதைக் கடந்தவரிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? முன்பு எங்கள் பங்கில் பணியாற்றி ஓய்வு பெற்ற குருவானவர் ஒருவரிடம் சென்று கேட்டோம். அவர் பூசையைப் பற்றிக் கவலைப்படவேண்டாம் என்றார். திருப்பலியை இறந்தோருக்காக மட்டுமன்றி வாழ்வோருக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம், திருச்சபைச் சட்டம் அதை வெளிப்படையாகவே கூறுகிறது என்றார். "பூசை போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும். அத்தையிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் பொறுப்பு, அதை என் தலையில் வைக்காதீர்கள்" என்று சிரித்துக்கொண்டே எங்களை அனுப்பினார்.

சொன்னோம். ஒரு ஞாயிறு, காலைத் திருப்பலிக்குப் பின், காப்பி குடித்து முடித்த நேரம். 1904ஆம் ஆண்டுத் தாளைக் காட்டி, ஒவ்வோர் ஏடாகச் சொல்லி, தீவிலுள்ள பதிவுகளின் படிகளை மடியில் வைத்தோம். அத்தையார் இடையில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் அழுவார் என்று எதிர்பார்த்து நாங்கள் இருவரும் இருபுறமும் அமர்ந்திருந்தோம். நெடுநேரம் கழித்து, "அந்தப் பொண்ணுக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்களாப்பா?" என்று கேட்டார்.

எங்களுக்குத் தெரியவில்லை. அத்தீவில் தம் குடும்ப வேர்களைத் தேடுவோர் மிகப் பலர். அவர்களுள் ஒருவர் மூலமாக, அம்மகளின் பேத்தி ஒருவருக்கு எழுதினோம். இரண்டு மாதத்தில் விடை வந்தது. பிரஞ்சில் எழுதியிருந்தார். ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்; அங்குள்ள மலபார் மக்கள் பலரைப் போல, ஆலயத்திற்கும் சென்று கோயிலிலும் விளக்கேற்றி வாழ்ந்திருக்கிறார். தம் தந்தை நீலத்தைப் பற்றி ஓயாமல் பேசுவாராம். என்ன நீலம் என்று அவர்களுக்குத் தெரியாது, கடலைச் சொல்கிறார் என்று எண்ணியிருந்தார்களாம். அவருடைய கல்லறை அங்கே இருக்கிறதா என்று நாங்கள் கேட்டிருந்தோம். கூலியாள்களுக்குப் பெயர்ப் பலகை வைப்பதில்லை, இடம் தெரியாது என்று எழுதியிருந்தார். முடிவில், உங்கள் கொள்ளுப்பாட்டியின் கல்லறையைப் படமெடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

கடிதத்தை அத்தையாருக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னோம். சாயத்தைப் பற்றிய இடத்தை இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். "ஆயா நீலத்துல எதையும் கட்ட மாட்டாங்க. வீட்டுலயும் ஆகாதுன்னு சொல்லுவாங்க. வெள்ளைச் சேலைன்னால அப்படின்னு நெனச்சேன்" என்றார். பின்னர் வெகுநேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்ற அக்டோபர் இறுதியில், இறந்தோர் பெயர்களை எழுதிக்கொடுக்க வழக்கம்போல ஆலய அலுவலகத்திற்கு அவரை அழைத்துச் சென்றோம். வழக்கமான பெயர்களை எல்லாம் சொல்லி முடித்தபின், தீவிலிருந்த அந்தப் பெண்ணின் பெயரையும் எழுதச் சொன்னார். மகளுடையது மட்டுமன்று, மகளின் தாயுடையதும். பிரஞ்சு எழுத்திலுள்ள அந்தப் பெயரைத் தமிழில் மூன்று வகையாகப் படிக்கலாம். எது சரி என்று எழுதுபவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அத்தையாரைப் பார்த்தோம்.

"மூணையும் எழுதுங்க" என்றார்.